மகாவலியில விரால் பிடிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

யூடியூப்ல இங்கிலாந்துக்காரங்க ஆத்துல பைக் மீன் பிடிக்கிற வீடியோவப் பார்த்துட்டு நம்ம பக்கத்து ஆத்துலயும் அது கிடைக்குமான்னு நிறைய தம்பிமார் கேக்குறாங்க. கிடைக்காது. பைக் ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா பக்கம் குளிர் தண்ணியில இருக்குற மீன், இலங்கையில இல்ல. ஆனா அது அங்க செய்ற வேலைய நம்ம ஆத்துல செய்ற மீன் ஒண்ணு இருக்கு, அதுதான் விரால், கண்டி பக்கம் லூலான்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். பைக் மாதிரியே நீட்டு உடம்பு, வாய் நிறையப் பல்லு, புல்லு ஓரத்துல அசையாம கிடந்து, பக்கத்துல வர்ற தவளையையும் குஞ்சு மீனையும் ஒரே பாய்ச்சல்ல அடிக்கும். அதனால அந்த வீடியோவுல கத்துக்கிட்டதுல பாதி இங்க உதவும். மிச்சப் பாதிய நம்ம ஆத்துக்குத் தக்க மாத்திக்கணும்.

முதல் வித்தியாசம் சூடு. பைக் பிடிக்கிறவங்க பனிக்காலத்துக்காகக் காத்திருப்பாங்க, விராலுக்கு அது நேர் எதிர், வெயில் ஏறி ஓரத் தண்ணி வெதுவெதுன்னு ஆனாத்தான் அதுக்கு வேட்டை சூடு பிடிக்கும். அதனால நுவரெலியா, அம்பேவல மாதிரி உசரத்துல குளிர் ஓடையில போய் விரால் தேடாதீங்க, அங்க 1880கள்ல வெள்ளைக்காரங்க கொண்டாந்து விட்ட ட்ரவுட்தான் பேர் போனது, அது வேற தூண்டில் வேற வித்தை. விராலுக்குக் கீழ இறங்கி வாங்க, கம்பளை, பேராதனை, பொல்கொல்லைன்னு மகாவலி கொஞ்சம் அகலமாகி வேகம் குறையுற இடம்தான் ஆரம்பிக்கிறவங்களுக்குச் சரி.

ரெண்டாவது வித்தியாசம்தான் முக்கியம். விரால் காத்தக் குடிக்கிற மீன். செவுள் இருந்தாலும் தலைக்குள்ள காத்துலயே மூச்சு வாங்குறதுக்கு தனியா ஒரு உறுப்பு இருக்கு, அதனால கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா மேல வந்து வாயத் திறந்து காத்து வாங்கியே ஆகணும். இது உங்களுக்குப் பெரிய வரம். நிறைய மீன் நான் இங்கதான் இருக்கேன்னு காட்டிக்குடுக்காது, விரால் காட்டிக்குடுக்கும். போன உடனே தூண்டிலப் பிரிக்காதீங்க. கரையில இருந்து கொஞ்சம் தள்ளி, நெழல் தண்ணியில விழாத மாதிரி உக்காந்து பாருங்க. ஓரத்துப் புல்லுக்கிட்ட "ப்ளக்"னு ஒரு சத்தம், சின்ன வளையம், ரெண்டு மூணு குமிழி, அதுதான். அதே மீன் கொஞ்ச நேரம் கழிச்சு அதே பக்கத்துலதான் திரும்ப மூச்சு வாங்கும். அந்த இடத்த மனசுல குறிச்சுக்கிட்டு பிறகு கம்பத் தொடுங்க.

விரால் ஓட்டத் தண்ணியோட சண்டை போடுற மீன் இல்ல. நடு ஆத்துல வேகமா ஓடுற இடத்துல எவ்வளவு வீசினாலும் கை வலிதான் மிச்சம். ஆறு வளையுற இடத்தப் பாருங்க, பேராதனைப் பூந்தோட்டத்த மகாவலி வளைச்சுக்கிட்டுப் போறது எல்லாருக்கும் தெரியும்ல, அந்த மாதிரி ஒவ்வொரு வளைவுலயும் வெளிப்பக்கம் தண்ணி மோதி ஆழமா வெட்டும், உள்பக்கம் மணல் படிஞ்சு ஆழம் கம்மியா இருக்கும். விராலுக்கு உள்பக்கத்து மெதுவான தண்ணியும், அதுல புல்லு மொளச்ச ஓரமும்தான் வீடு. அதே மாதிரி மூங்கில் புதர் சாஞ்சு தண்ணியத் தொடுற இடம், மருத மரத்து வேர் தண்ணிக்குள்ள எறங்குற இடம், சின்ன ஓடை வந்து ஆத்துல சேருற வாய், ஆகாயத்தாமரை மெதந்து ஒதுங்குன மூலை இதெல்லாம் பாருங்க. மழைக்காலத்துல ஆறு பொங்கி வடிஞ்ச பிறகு ஓரத்துல தனியா குட்டை மாதிரி நிக்கிற தண்ணியும் நல்ல இடம், அதுல மாட்டிக்கிட்ட குஞ்சு மீனத் தேடி விரால் வரும்.

நீர்த்தேக்கத்துல போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. வறட்சியில தண்ணி எறங்கும்போது போய்ப் பாருங்க, தூண்டில் வேணாம், போன் மட்டும் போதும். மவுசாக்கலை 1969ல கட்டினப்ப பழைய மஸ்கெலியா டவுனே உள்ள போயிருச்சு, தண்ணி குறைஞ்சா பழைய கோயில் வெளிய தெரியும்னு நம்ம சனத்துக்குச் சொல்லத் தேவையில்ல. கொத்மலையிலயும் அப்படித்தான். எல்லா நீர்த்தேக்கத்துக்கும் அடியில இப்படிப் பழைய ரோடு, மதகு, மரக்கட்டை, கல்லுக்கட்டு இருக்கு. அதையெல்லாம் போட்டோ எடுத்து, கரையில எந்த மரத்துக்கு நேரா இருக்குன்னு குறிச்சு வச்சா, தண்ணி ஏறின பிறகு வேட்டை மீன் எங்க ஒதுங்கும்னு உங்களுக்கு மட்டும் தெரியும். இத விட நல்ல வரைபடம் எந்தக் கடையிலயும் விக்காது.

நாள் பார்க்கிறதும் வேலைல பாதி. மேற்குச் சரிவுல மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, ஆறு செகப்பாக் கலங்கி ஓடும், அந்தத் தண்ணியில மீனுக்கு உங்க தவளையும் தெரியாது, உங்களுக்குக் காலடியும் தெரியாது. ஜனவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் தண்ணி கொறஞ்சு தெளிஞ்சு இருக்கும், புதுசா ஆரம்பிக்க அதுதான் காலம். காலையில வெயில் பட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, அப்புறம் சாயங்காலம் மூணரைக்கு மேல. ஆனா மார்ச், ஏப்ரல்லயும் அக்டோபர், நவம்பர்லயும் மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும், நம்ம கையில இருக்குற கார்பன் கம்பு மின்னலுக்கு நல்லா இடம் குடுக்கும். முதல் இடிச் சத்தம் கேட்டதும் கம்பப் படுக்க வச்சுட்டு ஆத்தோரத்த விட்டுக் கிளம்புங்க, இன்னும் ஒரே ஒரு வீச்சுன்னு நிக்காதீங்க.

சாமான் விஷயத்துல ஆரம்பத்துலயே காசக் கொட்ட வேணாம். மூங்கில் கம்பு, தங்கூசி (நைலோன் நூல்), தக்கை, ஒரு தூண்டில் ஊசி, அதுல இறால் இல்ல குஞ்சுத் திலாப்பியா, நம்ம தாத்தாமார் இதுலதான் பிடிச்சாங்க, இப்பவும் பிடிபடும். ஆனா ரீல் போட்டு வீசிப் பழகணும்னு ஆசை இருந்தா ஆறரை அடியில இருந்து ஏழு அடி வரைக்கும் உள்ள மீடியம் ஹெவி கம்பு, 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 30 இல்ல 40 பவுண்ட் பாரம் தாங்குற பிரெய்ட் (பின்னின) நூல், முனையில ரெண்டு அடிக்கு மொத்தமான தங்கூசி, அவ்வளவுதான். கண்டியில கிடைக்கும், ஒன்லைன்லயும் கிடைக்கும். பைக் பிடிக்கிறவங்க பல்லுக்குப் பயந்து கம்பி போட்டுக் கட்டுவாங்க, விராலுக்கு அது தேவையில்ல, மொத்தத் தங்கூசி தாங்கும். மெல்லிசு நூல் மட்டும் வேணாம், ஏன்னா விரால் மாட்டின உடனே புல்லுக்குள்ள தலைய விட்டுச் சுத்தும், அந்த நேரத்துல நூல் அறுந்தா வாயில ஊசியோட ஒரு மீன் போகுது, அது பாவம்.

தூண்டில் இரைக்கு ரப்பர் தவளை வாங்குங்க, உள்ள காலியா, முதுகோட ஒட்டி ரெண்டு ஊசி இருக்குறது. ஊசி மேல் நோக்கி உடம்போட மறைஞ்சு இருக்குறதால புல்லுல சிக்காம வழுக்கிக்கிட்டு வரும். உசிர்த் தவளையக் குத்திப் போடுற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, நான் அதுக்கு முழுசா எதிர். நம்ம மலையில இருக்குற தவளையில நிறைய வகை உலகத்துல வேற எங்கயும் இல்ல, எது எதுன்னு பார்த்தாலே சொல்ல முடியாது, ஒரு மீனுக்காக அதுல கை வைக்கக் கூடாது. மூணு முள்ளு ஊசி போட்ட லூரும் (போலி இரை) ஆரம்பத்துல வேணாம், அது புல்லுலயும் மாட்டும், மீன் வாயையும் கிழிக்கும், கழட்டும்போது உங்க விரல்லயும் ஏறும்.

முடிச்சுக்கு பாலோமர் ஒண்ணு பழகுனா போதும். நூல ரெண்டா மடிச்சு ஊசிக் கண்ணுல விட்டு, அந்த மடிப்பால ஒரு சாதா முடிச்சு தளர்வாப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள்ள முழு இரையையும் நுழைச்சு, எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவா இறுக்குங்க. காஞ்சபடி இறுக்கினா தங்கூசி சூடாகி அந்த இடத்துலயே பலம் போயிரும்.

இப்ப வீச்சு. மீன் மூச்சு வாங்கின இடத்து மேலயே போடாதீங்க, அது பயந்து ஓடிரும். அதத் தாண்டி ரெண்டு மூணு அடி தள்ளி, முடிஞ்சா புல்லு மேலயே விழ வச்சு, அங்க இருந்து தவளை தானாக் குதிச்சு எறங்குற மாதிரி தண்ணிக்கு இழுங்க. கம்பு முனைய லேசாத் தட்டி ரெண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், திரும்ப ரெண்டு இழுப்பு. அந்த நிறுத்தத்துலதான் நிறைய அடி விழும், அதனால நிறுத்தத்த அவசரத்துல முழுங்காதீங்க. பின்னால தண்ணி உப்பிக்கிட்டு வருதுன்னா மீன் தொரத்துது, அப்ப நிறுத்தாம அதே வேகத்துல வாங்க.

அடிச்ச உடனே எல்லாரும் செய்றது கம்பப் பின்னால இழுக்கிறது, தவளை மட்டும் பறந்து வந்து மூஞ்சியில அடிக்கும். விரால் முதல்ல கவ்வும், பிறகு உள்ள எறங்கிக்கிட்டே வாய மூடும். தண்ணி தெறிச்சதக் கண்ணு பார்த்தாலும் கை பொறுக்கணும். கம்பத் தாழ்த்தி, நூல் இறுகி மீனோட பாரம் கையில தெரியுற வரைக்கும் ஒரு ரெண்டு எண்ணுங்க, பிறகு பலமா ஒரே இழுப்பு, ஏன்னா அதோட வாய் எலும்பு கடினம். மாட்டினதும் விளையாட்டுக் காட்டாம தலைய மேல தூக்கிப் பிடிச்சு நேரா கரைக்குக் கொண்டு வாங்க, ரீல் பிரேக்க முதல்லயே இறுக்கி வச்சிருக்கணும். ரெண்டு மூணு தடவ அடிச்சும் ஊசி ஏறலன்னா தவளையோட ஊசி ரெண்டையும் குறடால சும்மா மயிரிழை அளவுக்கு வெளிப்பக்கம் வளைங்க, சரியாயிரும்.

கரைக்கு வந்த மீன வெயில்ல காஞ்ச பாறை மேல போடாதீங்க. ஈரப் புல்லு, இல்ல நனைச்ச சாக்கு. நனைச்ச துணியால தலைக்குப் பின்னாலப் பிடிச்சு, நீட்டுக் குறடால ஊசியக் கழட்டுங்க, விரல வாய்க்குள்ள விடவே வேணாம். அதோட மேல் வழுவழுப்புதான் அதுக்குத் தோல் மருந்து, காஞ்ச கையால வழிச்சு எடுத்துட்டு விட்டா புண்ணு பிடிக்கும். வாளியில வச்சிருக்கிறதா இருந்தா தண்ணிய விளிம்பு வரைக்கும் ஊத்தி மூடி போட்டு அடைக்காதீங்க, மேல காத்து இல்லாட்டி விரால் தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துரும், பாதி வாளி தண்ணியும் ஓட்டை போட்ட மூடியும் போதும்.

இதக் கட்டாயம் மனசுல வைங்க. தண்ணி மேல செகப்பா, ஆரஞ்சு கலர்ல பொடிப்பொடியா ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி அசைஞ்சுக்கிட்டுப் போனா அது விரால் குஞ்சு. அதுக்கு அடியில அப்பனும் ஆத்தாளும் காவல் இருக்கும். அந்த நேரத்துல எத வீசினாலும் பசிக்காக இல்ல, குஞ்சக் காப்பாத்த அடிக்கும், பிடிக்கிறது ரொம்ப லேசு. அதனாலேயே பிடிக்கக் கூடாது. பெரியது ரெண்டையும் தூக்கிட்டா அந்தக் குஞ்சுக் கூட்டத்த மத்த மீனெல்லாம் தின்னு தீர்த்துரும், அந்த ஓரத்துல அடுத்த வருசத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. கூட்டத்தக் கண்டா தூண்டிலச் சுருட்டிட்டு அடுத்த வளைவுக்கு நடங்க. வேகமான தண்ணியில சிங்களத்துல லேஹெல்லான்னு சொல்ற மஹ்சீர் தப்பித் தவறி மாட்டினா அதையும் உடனே விட்டுருங்க.

இப்ப உசிர் விஷயம். நம்ம ஆறு எல்லாம் அணையோட கட்டுப்பட்ட ஆறு. தலவாக்கலையில மேல் கொத்மலை, அதுக்குக் கீழ கொத்மலை, அந்தத் தண்ணி கம்பளைக்கு மேல மகாவலியில வந்து சேருது. நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிச்சாலும் மேல ஹட்டன், தலவாக்கலை பக்கம் கொட்டித் தள்ளி வான்கதவத் தொறந்தா, கொஞ்ச நேரத்துல முழங்கால் தண்ணி நெஞ்சுக்கு வந்துரும். மின்சாரத்துக்குத் தண்ணி விட்டாலும் மட்டம் மாறும். அதனால நடு ஆத்துப் பாறையில ஏறி நிக்கவே வேணாம். போன உடனே ஓரத்துல ஒரு குச்சிய நட்டு தண்ணி மட்டத்துல ஒரு கீறல் போடுங்க, அது முங்குனாலோ, தண்ணி கலர் மாறி எலையும் குச்சியும் மெதந்து வந்தாலோ, சைரன் கேட்டாலோ, சாமானப் பத்தி யோசிக்காம மேல ஏறுங்க. மணல் அள்ளின இடத்துல திடீர்க் குழி இருக்கும், எறங்கி நடக்காதீங்க. முதலை நடமாட்டம் இருக்கான்னு அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேர்க்கிட்டக் கேட்டுட்டுத்தான் கரைக்குப் போகணும். கால்ல புண்ணு இருந்தா வயல் ஓரச் சேத்துத் தண்ணியில நிக்க வேணாம், எலிக்காய்ச்சல் வெளையாட்டு இல்ல, போய்ட்டு வந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தா ஆத்துல நின்னேன்னு டாக்டர்க்கிட்டச் சொல்லுங்க.

அணைக்கட்டு மேலயும் அதுக்குப் பக்கத்துலயும் தூண்டில் போட விட மாட்டாங்க, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே சுத்தி வனவிலங்கு சரணாலயம் வேற, அங்க போறதுக்கு முன்னால வனஜீவராசிகள் ஒபீஸ்ல கேட்டுக்கோங்க. தோட்டத்துக்குள்ள இருக்குற குளம்னா தொரை ஒபீஸ்ல ஒரு வார்த்தை. வெடி போடுறதும் நஞ்சு கலக்குறதும் 1996ஆம் ஆண்டு 2ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், ஆனா சட்டத்த விடுங்க, தேயிலைக்கு அடிக்கிற மருந்த ஓடையில ஊத்தினா கீழ லயத்துப் பிள்ளைங்க அதே தண்ணியிலதான் குளிக்குதுங்க, யாராச்சும் அப்படிச் செய்றதக் கண்டா பேசாம இருக்காதீங்க.

சாப்பிட ஒண்ணு போதும்னா ஒரு கிலோ சைஸ்ல ஒண்ண வச்சுக்கிட்டு பெரியத விட்டுருங்க, பெருசுதான் நிறைய முட்டை போடும், ருசியும் சின்னதுலதான். வீட்டுல அடுப்புச் சாம்பல் தடவிக் கல்லுல உரசினா வழுவழுப்பு போகும், கொறக்காய் போட்டு மொளகு தூக்கலா வச்சா அக்காமார் கூட திரும்ப எப்ப ஆத்துக்குப் போறேன்னு கேப்பாங்க. சாப்பிட்டுத் தூங்குறதுக்கு முன்னால தவளைக்குள்ள ஏறின தண்ணியப் பிதுக்கி எடுத்து நிழல்ல காய வைங்க, முனைத் தங்கூசிய விரலால தடவிப் பார்த்து சொரசொரன்னு இருந்தா அந்த ஒரு அடிய வெட்டிட்டுப் புதுசா முடிச்சுப் போட்டு வைங்க.