டயரை அளக்காமல் டிஃபரன்ஷியலைக் கழற்றாதீர்கள்

பழைய சி.ஆர்-வி., டஸ்டர் ஏ.டபிள்யூ.டி., கிராண்ட் விட்டாரா என்று நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “அண்ணே, பார்க்கிங்ல திருப்பும்போது பின்னாடி முனகுது, கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும்னு சொல்றாங்க.” நான் பதிலுக்குக் கேட்பது கியர்பாக்ஸைப் பற்றி இருக்காது. கடைசியாக டயர் எப்போது மாற்றினீர்கள், எத்தனை மாற்றினீர்கள்? “போன மாசம்தான், முன்னாடி ரெண்டு மட்டும்.” சரி, அப்படியானால் முதலில் ஸ்பானரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்விஃப்டிலும் அம்பாசிடரிலும் பழகிய கை அதே பழக்கத்தோடு இந்த வண்டிகளுக்குள்ளும் போகிறது என்பதுதான் பிரச்சினை. அங்கே இரண்டு டயர் மட்டும் மாற்றினால் ஒன்றும் ஆகாது. இங்கே முன் அச்சும் பின் அச்சும் ஒரு ஷாஃப்டால் கட்டப்பட்டவை, நடுவில் இருப்பது பெரும்பாலும் அவற்றை வேண்டும்போது மட்டும் இணைக்கும் ஒரு கிளட்ச்சோ கப்ளிங்கோதான். ஒரு பக்கம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும், சக்கரம் வழுக்குகிறது என்று அது எடுத்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். டஸ்டரில் வரும் 215/65 ஆர்16 டயரின் விட்டம் ஏறக்குறைய 686 மில்லிமீட்டர். முன்னால் வரிப்பள்ளம் 8 மி.மீ. ஆழமுள்ள புது டயர், பின்னால் 3 மி.மீ. மிச்சமிருக்கும் பழைய டயர் என்றால், பின் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போவதற்குள் அது மூவாயிரத்தைத் தாண்டிவிடும். நேரான சாலையில், ஒரு சொட்டு மழைகூட இல்லாமல், யாரும் வழுக்காத போதே அத்தனை சுற்றும் கப்ளிங்குக்குள் தேய்ந்து சூடாகிக் கரைய வேண்டியதுதான். சுபாரு மாதிரி நிறுவனங்கள் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்வது இதனால்தான். தேய்மானத்தில் பார்த்தால் அது சுமார் ஒரே ஒரு மில்லிமீட்டர்.

அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நான்கிலும் கம்பெனி சொன்ன காற்றை நிரப்பிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடத்துக்கு நேராகப் பக்கவாட்டில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஒரு டயர் சரியாகப் பத்துச் சுற்று முடிக்கும்வரை மெதுவாக உருட்டுங்கள், இருபத்திரண்டு மீட்டர் இடம் இருந்தால் போதும். மற்ற மூன்றின் கோடும் கீழேயே வந்து நின்றால் நல்லது. ஒன்று மட்டும் கடிகார முள்போல இரண்டு நிமிடம் தள்ளி நின்றால் ஒரு மி.மீ. வித்தியாசம், ஒன்பது நிமிடம் தள்ளி நின்றால் நான் மேலே சொன்ன கதைதான். டிரெட் (வரிப்பள்ள) ஆழம் பார்க்கும் கேஜ் இருந்தால் அதையும் வைத்துப் பாருங்கள். ஆனால் ஒரே அளவு எழுதியிருந்தாலும் பிராண்டுக்கு பிராண்ட் உண்மையான விட்டம் கொஞ்சம் மாறும், கேஜ் அதைக் காட்டாது, சாக்பீஸ் காட்டிவிடும்.

ஒரு டயர் மட்டும் கிழிந்துபோனால் நான்கும் மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். மற்ற மூன்றும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் ஆமாம். இல்லையென்றால் பழைய டயர் விற்கும் கடைகளில் அதே பிராண்ட், அதே மாடல், கிட்டத்தட்ட அதே ஆழத்தில் ஒன்று தேடுங்கள். தயாரித்த வாரமும் வருடமும் பக்கத்தில் நான்கு இலக்கமாக இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஸ்டெப்னியை மறந்துவிடுவதும் இதே தவறுதான். வருடக்கணக்கில் தரையைத் தொடாத ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஊட்டிவரை போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மாட்டினால் பக்கத்து பங்க்சர் கடைவரை மெதுவாகப் போவதோடு சரி. அளவு ஒன்றாக இருந்தால் ஐந்து டயரையும் சுற்றில் வைத்து 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வாருங்கள், இந்தத் தலைவலியே இருக்காது.

அடுத்த தவறு, தன் வண்டி எந்த வகை என்றே தெரியாமல் வைத்தியம் பார்ப்பது. ‘ஃபோர் வீல்’ என்ற ஒரே பெயருக்குள் நாம் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். ஜிப்ஸியும் பழைய ஜீப்புகளும் வேறு சாதி. அவற்றில் நடு டிஃபரன்ஷியல் (முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) கிடையாது, லீவரைப் போட்டால் முன்னும் பின்னும் ஒரே துண்டாகப் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது இரண்டும் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருப்பதால் முறுக்கு ஏறும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும், காய்ந்த தார் ரோட்டில் விட வழியில்லை, அதனால் கொண்டை ஊசி வளைவில் ஜாயின்ட் கிராஸும் ஷாஃப்டும் அந்த முறுக்கை வாங்கிக்கொள்கின்றன. மழை பெய்கிறதே என்று மேட்டுப்பாளையத்தில் போட்ட லீவரைக் குன்னூர்வரை எடுக்காமல் போவது அந்த வண்டிக்குச் செய்யும் கொடுமை.

இரண்டாம் தலைமுறை கிராண்ட் விட்டாராவில் நடு டிஃபரன்ஷியல் உண்டு, எப்போதும் நான்கும் இழுக்கும், குமிழை லாக்கில் வைத்தால் மட்டும் ஜிப்ஸிபோல ஆகிவிடும். செவர்லே பெயரில் இங்கே விற்ற ஃபாரஸ்டரில் நடு டிஃபரன்ஷியலோடு சிலிக்கோன் திரவம் அடைத்த விஸ்கஸ் கப்ளிங் இருக்கும், அது சீல் வைத்த டப்பா, கெட்டால் மாற்ற வேண்டியதுதான். டஸ்டரிலும் ஸ்கோடா யெட்டியிலும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் பின்பக்கக் கிளட்ச் பிடிக்கும். சி.ஆர்-வி.யில் (பழையதில்) கம்ப்யூட்டரே இல்லை, எண்ணெய் அழுத்தம்தான் எல்லாம்.

அந்த சி.ஆர்-வி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீண் செலவு அதிகம் பார்த்தது அதில்தான். அதன் பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு பம்புகள். ஒன்று முன் சக்கரங்களோடு சேர்ந்து சுற்றும், மற்றது பின் சக்கரங்களோடு. இரண்டும் சம வேகத்தில் போனால் எண்ணெய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். முன் சக்கரம் வழுக்கி வேகமெடுத்தால் அழுத்தம் கூடி கிளட்ச் தட்டுகளை நெருக்கும், பின் சக்கரம் இழுக்க ஆரம்பிக்கும். இறுக்கமாகத் திரும்பும்போதும் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன, ஆகவே அப்போதும் தட்டுகள் லேசாக உரசும். எண்ணெய் புதிதாக இருந்தால் சத்தமில்லாமல் உரசும், பழையதானால் முனகும், நடுங்கும். வண்டி சூடான பிறகுதான் இது நன்றாகக் கேட்கும். மருந்து, அந்த டிஃபரன்ஷியலுக்கென்றே ஹோண்டா விற்கும் எண்ணெய், சுமார் ஒரு லிட்டர். ஒருமுறை மாற்றி, எட்டு வடிவத்தில் வண்டியைச் சுற்றிவிட்டு, போகவில்லையென்றால் இன்னொரு முறை. பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் ‘கிரவுன் போயிடுச்சு’ (டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம்) என்று கழற்றிப் போடுகிறார்கள். அதைவிட மோசம், ‘கிரவுன் ஆயில்தானே’ என்று லாரிக்கு ஊற்றும் கெட்டியான 80டபிள்யூ-90 ஊற்றுவது, கிளட்ச் தட்டுகள் அதில் ஒழுங்காக வேலையே செய்யாது. எண்ணெயின் பெயரைக் கேட்காமல் யாரையும் வண்டிக்கு அடியில் போகவிடாதீர்கள்.

யெட்டி மாதிரி ஹால்டெக்ஸ் (கம்ப்யூட்டர் சொல்லி இயங்கும் ஒரு வகைக் கப்ளிங்) வண்டிகளில் கப்ளிங்குக்குத் தனி எண்ணெய், பக்கத்தில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு வேறு எண்ணெய், இரண்டுக்கும் தனித்தனி போல்ட். ஒன்றை மாற்றிவிட்டு இரண்டையும் மாற்றியதாக நினைத்துக்கொள்வது சகஜம். கப்ளிங் எண்ணெய் அழுக்கானால் கிளட்ச் தூள் பம்பின் வாயை அடைக்கும், பம்ப் திணறித் திணறி ஒருநாள் நின்றுவிடும், வண்டி சத்தமில்லாமல் முன் சக்கர வண்டியாகிவிடும். பல நேரம் விளக்குகூட எரியாது. முன்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டியிருந்து பின்பக்கத்துக்கு இழுப்பை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டி இன்னும் பாவம், கொஞ்சம் எண்ணெயை வைத்துக்கொண்டு சைலன்சர் சூட்டில் வேகிற அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

எண்ணெய் மாற்றுவதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் செய்யாதவன் அழுவான்: வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருடத் துருவில் அது இறுகிக் கிடந்தால், எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் வண்டியை ஜாக்கியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்போது சத்தம். இதில் நானே ஏமாந்தவன், அதனால் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. என் வண்டியில் 60-ஐத் தாண்டினால் பின்னாலிருந்து ‘ஊ…’ என்று ஒரு இரைச்சல். ஒர்க்‌ஷாப்பில் டிஃபரன்ஷியல் என்றார்கள், நானும் தலையாட்டினேன், பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி மாட்டி, வெளியே எடுத்து வந்தால் அதே ‘ஊ…’. கடைசியில் அது இடது பின் சக்கர பேரிங். செலவு செய்யும் முன் காலி ரோட்டில் பத்து நிமிடம் செலவழித்திருக்கலாம். மெதுவாக இடமும் வலமும் ஸ்டீயரிங்கை அசைத்து எடையை மாற்றும்போது சத்தம் ஏறி இறங்கினால் பேரிங். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் கேட்டால் டிஃபரன்ஷியல் பல். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போட்டதும் சத்தமும் கூடவே இடம் மாறினால் அது டயர், மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும். முழுதாகத் திருப்பும்போது முன்னால் ‘டக் டக்’ என்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட், ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போயிருக்கும்.

வண்டி பிடித்து இழுக்கிறதா என்று பார்க்க, நன்றாக ஓட்டிச் சூடாக்கிய பிறகு, காலி மைதானத்தில் முழுதாகத் திருப்பி, முதல் கியரில் கிளட்ச்சை முழுதும் விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஒரு வட்டம் போடுங்கள். பிறகு கிளட்ச்சை மிதியுங்கள். நல்ல வண்டி இன்னும் கொஞ்சம் உருளும், ஹேண்ட் பிரேக் போட்டதுபோல் சட்டென்று நின்றால் நடுக் கப்ளிங் விடாமல் பிடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் செய்து பாருங்கள், அதற்கு முன் டயர் காற்றைப் பார்த்துவிடுங்கள்.

மின்சார சமாசாரம் சுருக்கமாக. கம்ப்யூட்டர் சொல்லி இயங்கும் வண்டிகளில் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கும் ஏ.பி.எஸ். சென்சார்கள்தான் அதற்குக் கண். ஒன்றில் சேறு அடைந்தாலோ வயர் அறுந்தாலோ, ஏ.பி.எஸ். விளக்கோடு சேர்த்துப் பின்பக்க இழுப்பையும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். ஆன்லைனில் வாங்கிய சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜினின் கோளாறு எண்களை மட்டும்தான் படிக்கும். அது ‘கோளாறு இல்லை’ என்று காட்டியதை நம்பிக் கப்ளிங்குக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள், ஏ.பி.எஸ். யூனிட்டைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. சத்தம் எங்கே என்று பார்க்க முன் சக்கரங்களை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டார்ட் செய்து கியரைப் போடுவது. முன் சக்கரம் காற்றில் சுற்றும், ‘வழுக்குகிறது’ என்று கப்ளிங் பிடிக்கும், தரையில் இருக்கும் பின் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும், அப்போது முன்னால் யார் குனிந்திருக்கிறாரோ அவர் தலையெழுத்து. நான்கையும் லிஃப்டில் தூக்காமல் இதைச் செய்யவே கூடாது. வண்டி நடுவழியில் நின்றாலும் இதே கதைதான், முன்னால் கொக்கி போட்டுத் தூக்கி, பின் சக்கரத்தைத் தரையில் உருட்டிக்கொண்டு இழுத்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் கப்ளிங் வெந்துவிடலாம். முழு வண்டியையும் ஏற்றும் தட்டு வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிப் பழைய வண்டி ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால், சென்னை வண்டியாக இருந்தால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அது எங்கே நின்றது என்று கேளுங்கள். பதிலை நம்ப வேண்டியதில்லை, பின் டிஃபரன்ஷியலின் நிரப்பும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, மேலே இருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால் காபி நிறத்தில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

அப்புறம், குனிந்து அடியில் பாருங்கள். ஒரு நண்பருக்காக வண்டி பார்க்கப் போயிருந்தேன். விற்பவர் லாக் குமிழைத் திருப்பிக் காட்டினார், விளக்கு அழகாக எரிந்தது, மலையெல்லாம் ஏறும் என்றார். அடியில் படுத்துப் பார்த்தால் முன்னிருந்து பின்வரை போக வேண்டிய ஷாஃப்டே இல்லை. “சத்தம் வந்துச்சு சார், கழட்டி டிக்கியில போட்டிருக்கேன், அதையும் சேர்த்துத்தான் விலை” என்றார்.