கேபிள் டென்ஷன்: டர்ன்பக்கிள்ல கை வைக்கறதுக்கு முன்னாடி

சொந்தமா விமானம் கட்டுறவங்க ரிவெட்டுக்கும் ஃபேப்ரிக்குக்கும் பெயின்ட்டுக்கும் மாசக்கணக்கா மண்டைய உடைச்சிக்குவாங்க, கன்ட்ரோல் கேபிள் டென்ஷன், அதாவது ஸ்டிக்கையும் பெடலையும் இறக்கை, வால்ல அசையற பலகைகளோட (சர்ஃபேஸ்) இணைக்கற கம்பிக் கயிறுகளோட இறுக்கம்னு வந்தா மட்டும் ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம்னு உக்காந்துடுவாங்க. டென்ஷன் மீட்டர மாட்டு, கேபிள இறுக்கற திருகு மூட்டான டர்ன்பக்கிள திருப்பு, பிளான்ல போட்ட நம்பர் வந்துச்சா, திருகு அவுறாம கிளிப்ப போடு, கிளம்பு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அதனால இத எழுதற தகுதி கொஞ்சம் இருக்குன்னு நினைக்கறேன்.

பெரிய தப்பு என்னன்னா டென்ஷன மருந்தா பாக்கறது. ஸ்டிக்க ஆட்டினா லேசா லொடலொடங்குது, எலிவேட்டர் (மூக்க ஏத்தி இறக்கற வால் பலகை) உடனே நகர மாட்டேங்குது, சரி கேபிள் லூஸ் போலன்னு அரை சுத்து இறுக்குவோம், லொடலொடப்பு போயிடும், மனசுக்கும் நிம்மதியா இருக்கும். ஆனா அந்த ஆட்டம் பெல்கிராங்க் (இழுவையோட திசைய மாத்தற நெம்புகோல்) போல்ட் ஓட்டை தேஞ்சு முட்டை மாதிரி ஆனதால வந்திருக்கலாம், இல்ல புல்லி பிராக்கெட் வளைஞ்சு கொடுக்கறதால வந்திருக்கலாம். இறுக்கினதுல அது சரியாகல, ஒளிஞ்சுக்கிச்சு, அவ்ளோதான். இன்னொருத்தர வச்சு சர்ஃபேஸ மெதுவா ஆட்டச் சொல்லிட்டு, ஸ்டிக்ல ஆரம்பிச்சு ஹார்ன் (சர்ஃபேஸ்ல கேபிள் மாட்டற கொம்பு) வரைக்கும் ஒவ்வொரு ஜாயின்ட்லயும் விரல வச்சுப் பாருங்க, எங்க ஆட்டம் இருக்குன்னு விரலுக்கே தெரிஞ்சிடும். அத முடிச்சுட்டு மீட்டர் பெட்டிய திறங்க.

டென்ஷன் எதுக்குன்னு புரிஞ்சா பாதி தப்பு தானா நின்னுடும். எலிவேட்டர் மாதிரி ஒரு மூடின லூப் எடுத்துக்கோங்க, மேல் கேபிள் ஒண்ணு கீழ் கேபிள் ஒண்ணு, ரெண்டுலயும் 30 பவுண்ட் இருக்குன்னு வைங்க. சர்ஃபேஸ்ல காத்து அழுத்தி லூப்புக்கு 40 பவுண்ட் லோடு வந்தா அது ரெண்டு கேபிளும் பாதி பாதியா பங்கு போட்டுக்கும், இழுக்கற பக்கம் 50 ஆகும், விடற பக்கம் 10 ஆகும். லோடு 60-ஐத் தொட்டா விடற பக்கம் பூஜ்யம். அதுக்கு மேல ஒரே கேபிள்தான் வேலை செய்யுது, சிஸ்டம் பாதிக்குப் பாதி மெதுமெதுன்னு ஆயிடும், அந்தப் பக்க கேபிள் தொங்கிக்கிட்டு இருக்கும், புல்லில கேபிள் நழுவாம தடுக்கற கார்டு பின் சரியா இல்லன்னா பள்ளத்த விட்டு வெளிய வந்துடும். சர்ஃபேஸ் தளர்வா இருந்தா ஃப்ளட்டருக்கும் (காத்துல சர்ஃபேஸ் தானா படபடன்னு அதிர்றது) வழி. அதுக்குன்னு ஏத்திக்கிட்டே போனா பேரிங்கும் பிராக்கெட்டும் சும்மா சும்மா அடி வாங்கும், உராய்வு கூடும், விட்டா நடுவுக்கு வர வேண்டிய ஸ்டிக் விட்ட எடத்துலயே நிக்கும். பறக்கறப்ப ஸ்பீடு மாறுறது கைக்குத் தெரிய வேண்டியது, அத இந்த உராய்வு தின்னுடும். "டைட்டா இருந்தா சேஃப்"னு சொல்றவங்க சொல்றத நான் கேக்கறதில்ல. எவ்ளோங்கறத பிளான் சொல்லும், சின்ன விமானங்கள்ல பெரும்பாலும் 20-ல இருந்து 40 பவுண்டுக்குள்ள வரும், பக்கத்து ஷெட்டு விமானத்தோட நம்பர எடுத்து நம்மளுதுல போடக் கூடாது.

அளக்கறதுல நான் பண்ணின கூத்து ஒண்ணு. சீட்டுக்குப் பின்னாடி வச்சுப் பார்த்தா 22, வால் பக்கம் போய் அதே கேபிள்ல பார்த்தா 35. மீட்டர் கெட்டுப் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் சும்மா ஸ்டிக்க முன்ன பின்ன ஒரு அஞ்சாறு தடவ முழுசா ஆட்டிட்டு திரும்பப் பார்த்தா ரெண்டு எடமும் 28-க்கு பக்கத்துல வந்து நிக்குது. நடந்தது இதுதான், டர்ன்பக்கிள் இருக்கற பக்கம் இறுகிச்சு, நடுவுல இருந்த ஃபேர்லீடும் (கேபிள வழிநடத்தற துளை) புல்லியும் உராய்வால அந்த இழுவைய முன்பக்கம் போகவிடல. அதனால திருப்பினதும் அளக்காதீங்க, ஆட்டிட்டு அளங்க. ஆட்டின பிறகும் வித்தியாசம் அப்படியே இருந்தா அது டென்ஷன் பிரச்சனையே இல்ல, நடுவுல ஏதோ பிடிக்குது. சுத்தாத புல்லியா இருக்கும், இல்ல கேபிள் ஃபேர்லீட்ல அதிகமா திரும்பும். ஃபேர்லீட் கேபிள 3 டிகிரிக்கு மேல வளைக்கக் கூடாதுன்னு அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவோட ஏசி 43.13-1பி கையேடு சொல்லுது, அதுக்கு மேல திரும்பணும்னா அங்க புல்லிதான் வைக்கணும்.

மீட்டர டர்ன்பக்கிள், டெர்மினல் (கேபிளோட முனைப் பூட்டு) பக்கத்துல மாட்டாதீங்க, குறைஞ்சது 6 இன்ச் தள்ளி மாட்டுங்க. கேபிள் சைசுக்குத் தகுந்த ரைசர் (மீட்டர்ல கேபிள அழுத்தற மாத்தக்கூடிய கட்டை) போடணும், 1/8 இன்ச்க்கான ரைசர 3/16 கேபிள்ல போட்டாலும் முள்ளு ஏதோ ஒரு நம்பர காட்டத்தான் செய்யும், தப்புன்னு அதுக்குத் தெரியாது. முள்ளு காட்டறது பல மீட்டர்ல பவுண்டே கிடையாது, கூட வர சார்ட்ல பார்த்து மாத்தணும், அந்த சார்ட் வேற மீட்டரோடதா இருந்தா போச்சு. மூணு தடவ அளந்து சராசரி எடுங்க.

அடுத்தது வெயில், இதுதான் நிறைய பேர் நினைச்சே பாக்காத விஷயம். பாடி அலுமினியம்னா, அது ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா ஒரு மீட்டருக்கு சுமார் 23 மைக்ரான் நீளும், சாதா ஸ்டீல் கேபிள் சுமார் 12. அப்ப 4 மீட்டர் ஓட்டத்துக்கு 30 டிகிரி வித்தியாசம்னா 1.3 மில்லிமீட்டர். இது ஒரு விஷயமான்னு தோணும். 10-32 த்ரெட் (ஒரு இன்ச்சுக்கு 32 புரி) இருக்கற டர்ன்பக்கிள்ல, ரெண்டு பக்கமும் சேர்த்து நடு உடம்பான பேரல ஒரு முழு சுத்து சுத்தினா சுமார் 1.6 மில்லிமீட்டர். அதாவது வெயில் மட்டுமே டர்ன்பக்கிள முக்கால் சுத்துக்கு மேல இறுக்கின மாதிரி ஆயிடுது, குளிர் வந்தா அவ்ளோ அவுத்து விடுது. ஸ்டெயின்லெஸ் கேபிள் அலுமினியத்துக்கு கொஞ்சம் கிட்ட நீளும், அதனால வித்தியாசம் குறையும். ஸ்டீல் ட்யூப் பாடியும் கால்வனைஸ்டு கேபிளும் சேர்ந்தா கிட்டத்தட்ட ஒண்ணாவே நீளும். கார்பன் ஃபைபர் பாடின்னா கதையே தலைகீழ், பாடி நீளவே மாட்டேங்கும் கேபிள் மட்டும் நீளும், வெயில்லதான் லூஸ் ஆகும். அதனால வெளிய இருந்து உள்ள தள்ளின உடனே அளக்காம சூடு ஆறவிட்டு அளங்க, லாக்புக்ல பவுண்டுக்குப் பக்கத்துலயே டிகிரியும் எழுதுங்க. வெறும் "30 பவுண்ட்"னு எழுதி வச்சா அடுத்த வருஷம் உங்களுக்கே அது புரியாது.

செட் பண்றப்ப ஸ்டிக்கையும் சர்ஃபேஸையும் நியூட்ரல்ல (நடு நிலைல) ரிக் பின் (அசையாம நிறுத்தற ஊசி) போட்டு பூட்டுவோம் இல்லையா, அப்ப ஒரு பக்க கேபிள் 40, இன்னொரு பக்கம் 20 இருந்தாக்கூட ஒண்ணும் நகராது, பின் தான் பிடிச்சு வச்சிருக்கும். பின்ன உருவினதும் சர்ஃபேஸ் ஒரு பக்கம் சாயும். எனக்கு உள்ள கணக்கு, ரிக் பின் ரெண்டு விரலால உருவினா சும்மா வழுக்கிட்டு வரணும், ப்ளையர் தேவைப்பட்டா ரெண்டு பக்கமும் சமமா இல்ல. ஒரே டர்ன்பக்கிள மட்டும் திருகித் திருகி நம்பர் கொண்டு வர்றதும் இதே தப்புதான், நியூட்ரல் நகர்ந்துடும். டென்ஷன் முடிஞ்ச பிறகு சர்ஃபேஸ் ட்ராவல் திரும்ப டிகிரி வச்சு அளங்க, ஸ்டாப் முட்டுதான்னும் பாருங்க.

எல்லா கேபிளுக்கும் மீட்டர் வேலையும் இல்ல. வேன்ஸ் ஆர்வி-7 மாதிரி சொந்தமா கட்டற விமானங்கள்ல எய்லரானும் (இறக்கையோட பின்பக்கப் பலகை) எலிவேட்டரும் புஷ்ராட் (தள்ளுற கம்பி), ரட்டருக்கு (வால்ல நிமிர்ந்து நிக்கற பலகை) மட்டும் பெடல்ல இருந்து நேரா ஹார்னுக்கு கேபிள், லூப்ப மூடறது பைலட்டோட ரெண்டு காலும்தான். அதுல போய் 30 பவுண்ட் தேடினா கிடைக்காது.

டர்ன்பக்கிள திருப்பறப்ப டெர்மினல் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு பேரல மட்டும் திருப்பணும். பிடிக்கலன்னா கேபிளே முறுக்கிக்கும், அப்ப வர ரீடிங் நிலைக்காது, முறுக்கு அவுற அவுற மாறும். ப்ளையரால கேபிளையே பிடிக்கறவங்கள பார்த்திருக்கேன், கண்ண மூடிக்கிட்டேன். முடிஞ்சதும் பேரலுக்கு வெளிய எந்தப் பக்கமும் 3 த்ரெட்டுக்கு மேல தெரியக் கூடாது. தெரிஞ்சா கேபிள் நீளமே தப்பு, புதுசா செய்யுங்க, வலிக்கும்தான். லாக்கிங் கிளிப்ப ஒரு தடவ கழட்டினா தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க, மாட்டின பிறகு கொக்கிய லேசா இழுத்து உக்காந்துச்சான்னு பாருங்க.

புது கேபிள் முதல் சில மணி நேரப் பறப்புல கொஞ்சம் இளகும், இழைகள் ஒண்ணோட ஒண்ணு படியறதால வர்றது அது, திரும்ப ஒரு தடவ செட் பண்ணினா நிக்கணும். நிக்காம ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுக்கிட்டே வந்தா இறுக்கறத நிறுத்திட்டு, கேபிள் முனைய மடிச்சுப் பிடிக்கற ஸ்லீவப் பாருங்க. ஸ்லீவ் முடியற எடத்துல கேபிள் மேல ஒரு சொட்டு பெயின்ட் வச்சிருந்தா நழுவுதான்னு ஒரே பார்வைல தெரிஞ்சிடும். 1/8 கேபிளோட நிகோபிரஸ் (அழுத்திப் பூட்டற வகை) ஸ்லீவ கையால அழுத்தறப்ப மூணு அழுத்து, முதல்ல நடுவுல, அடுத்து திம்பிள் (கேபிள் வளையத்துக்குள்ள இருக்கற உலோகத் தாங்கி) பக்கம், கடைசியா மறு முனை, அப்புறம் அளவு பாக்கற கேஜ்ல நுழையுதான்னு பாக்கணும். ஸ்டெயின்லெஸ் கேபிளுக்கு வெறும் செம்பு ஸ்லீவ் போடாதீங்க, பூச்சு போட்டது வேணும்.

அளந்து முடிச்சதும் துணிய சுத்தி கேபிள் நீளத்துக்கும் ஒரு தடவ உருவுங்க, வெறும் கையால வேண்டாம். 7×19 கேபிள்ல (19 கம்பி வீதம் 7 புரி) 133 கம்பி, அதுல ஒண்ணு அறுந்திருந்தாலும் துணில மாட்டும். கன்ட்ரோல ஒரு கடைசில இருந்து மறு கடைசிக்குத் தள்ளிட்டு திரும்ப உருவுங்க, புல்லி மேல படுத்திருக்கற துண்டுலதான் பெரும்பாலும் அறுகும், நியூட்ரல்ல இருக்கறப்ப அது கண்ணுக்கே தெரியாது.

அப்புறம் திசை. ஒரு டர்ன்பக்கிள் கழட்டி மாட்டினாக்கூட இது கட்டாயம், கேபிள் மாத்தி மாட்டினா டென்ஷன் அச்சு அசலா அதே நம்பர்தான் காட்டும். ஸ்டிக்க வலது பக்கம் சாய்ச்சா வலது எய்லரான் மேல வரணும், பின்னாடி இழுத்தா எலிவேட்டர் மேல வரணும். வெளிய ஒருத்தர நிக்க வச்சுப் பாருங்க, "சரியா போகுதா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, "எந்தப் பக்கம் போகுது?"ன்னு கேளுங்க.