மூடிகளுக்கு ஓர் இடம்: உணவு டப்பா மூடிகளைச் சீராக வைக்கும் முறை

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அந்தப் பழமொழியை முதலில் சொன்னவரின் சமையலறையில் இருபது டப்பாக்களும் முப்பது மூடிகளும் இருந்திருக்காது. இன்று ஒரு டப்பாவின் வாயை மூடுவதே பெரும்பாடாக இருக்கிறது. டப்பா கையில் இருக்கும், எடுத்து வைக்க வேண்டிய உணவும் ஆறியிருக்கும், அதற்குரிய மூடி மட்டும் அகப்படாது. இடம் போதாததே இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். நான் கவனித்தவரை, அலமாரிக்குள் தொலையும் மூடிகள் குறைவு. கழுவும் தொட்டிக்கும் அலமாரிக்கும் இடைப்பட்ட நாலடித் தொலைவில் தவறிப்போகும் மூடிகளே மிகுதி. டப்பா ஒரு பக்கம் உலர்கிறது, மூடி வேறொரு பக்கம் உலர்கிறது. இரண்டையும் இரண்டு பேர் இரண்டு வேளைகளில் எடுத்து, தமக்குத் தோன்றிய இடங்களில் வைக்கிறார்கள். ஆகவே ஒரு தாங்கியை வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வாங்குவது கடைசியில் வரட்டும்.

முதலில், வீட்டில் உள்ள எல்லா டப்பாக்களையும் மூடிகளையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்துப் பரப்ப வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் இருப்பவை, வேலைக்கு எடுத்துச் சென்ற பையில் கிடப்பவை, அக்கம்பக்கத்தாரிடம் போயிருப்பவை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்காவிட்டால், பிறகு திரும்பி வரும் டப்பாவின் மூடியை முன்பே தூக்கி எறிந்திருப்போம். ஒவ்வொரு டப்பாவின் மீதும் அதன் மூடியை வைத்து, நான்கு பக்கமும் அழுத்தி மூடிப் பாருங்கள். பார்வைக்கு ஒரே அளவாகத் தோன்றும் இரண்டு மூடிகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலும் ஒன்று பொருந்தும், மற்றது பொருந்தாது. இணை கிடைக்காதவற்றை ஒரு பையில் போட்டு இரண்டு வாரம் வைத்திருக்கலாம். அதற்குள் இணை வராவிட்டால், மூடியில்லாத டப்பாவை இழுப்பறைக்குள் கரண்டிகளையும் சிறு பொருள்களையும் பிரித்து வைக்கப் பயன்படுத்தலாம். டப்பாவில்லாத மூடிக்கு அப்படிப்பட்ட மறுவாழ்வு அநேகமாக இல்லை. அதை விட்டுவிடுவதே நல்லது.

இணை சேர்ந்தவை எல்லாம் வைத்துக்கொள்ளத் தகுந்தவை என்றும் சொல்ல முடியாது. டப்பாவில் பாதியளவு தண்ணீர் ஊற்றி மூடி, தொட்டியின் மேல் கவிழ்த்துப் பிடியுங்கள். கசிந்தால், குற்றம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். ரப்பர் போன்ற வளையம் தளர்ந்திருக்கலாம், ஓரக் கவ்விகளில் ஒன்று விரிசல் விட்டிருக்கலாம், மூடியே வளைந்திருக்கலாம். வளைவைக் கண்டுபிடிக்க, மூடியைச் சமதளமான மேசை மீது வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினால் போதும், எதிர்மூலை எழும்பும். வளையத்தைச் சில நிறுவனங்கள் தனியாகவே விற்கின்றன. கவ்வியின் கதை வேறு. மூடியோடு ஒரே வார்ப்பாக வரும் மெல்லிய பிளாஸ்டிக் மடிப்பே அங்குக் கீலாக வேலை செய்கிறது. பல்லாயிரம் முறை மடங்கக்கூடிய அந்த மடிப்பு ஒருமுறை கிழிந்துவிட்டால் ஒட்ட முடியாது.

மூடி வளைவதற்கு வெப்பமே முக்கியக் காரணம். மூடியின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் பொறித்திருந்தால் அதைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், அது ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகும். 4 என்றால் அடர்த்தி குறைந்த பாலிஎதிலீன், அது ஏறத்தாழ 110 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டும் உருகுநிலைக்கு வெகு முன்னரே இளகத் தொடங்கும் என்பதால், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மூடிகளை மேல்தட்டில்தான் வைக்க வேண்டும்; பல இயந்திரங்களில் சூடேற்றும் கம்பி அடியில் இருக்கிறது. அதே காரணத்தால், அடுப்புக்கு நேர் மேலே உள்ள அலமாரியும் மூடிகளுக்கு உகந்த இடம் அன்று. அமெரிக்கரான எர்ல் டப்பர் 1946-இல் பாலிஎதிலீன் டப்பாக்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அவற்றின் மூடிக்குப் பெயிண்ட் டப்பாவின் மூடியை முன்மாதிரியாகக் கொண்டார் என்பர். நடுவில் அழுத்திச் சிறிது காற்றை வெளியேற்றி மூடும் அந்த வகை மூடி, தன் ஓரத்தின் நெகிழ்வையே முழுக்க நம்பியிருக்கிறது. ஓரம் வளைந்துவிட்டால், அந்த மூடி வெறும் தட்டு.

எஞ்சியவற்றைப் பார்க்கும்போது, எத்தனை வகை வாய் அளவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். டப்பாக்களின் எண்ணிக்கையைவிட இந்த எண்ணே முக்கியம் என்பேன். ஆழம் வேறுபட்டாலும் வாய் அளவு ஒன்றாக உள்ள ஆறு டப்பாக்களுக்கு எந்த மூடியை எடுத்தாலும் பொருந்தும். ஆறு வெவ்வேறு வாய்களுக்கு ஆறு தேடல்கள். இனி வாங்குவதாக இருந்தால், இரண்டு அல்லது மூன்று அளவுகளுக்குள் நிற்பதும், சதுர அல்லது செவ்வக வடிவங்களைத் தேர்வதும் நல்லது. ஒரு சதுரத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய வட்டம் கூட அச்சதுரத்தின் பரப்பில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை வீணாக்குகிறது. வட்ட டப்பாக்களால் அலமாரியின் மூலைகளில் தங்கிவிடும் வெற்றிடம் இதுதான். உள்ளவற்றை மாற்ற மனமில்லாதவர்கள், அழியாத மையால் டப்பாவின் அடியிலும் மூடியின் ஓரத்திலும் ஒரே எழுத்தைக் குறித்துவிடலாம். மூடி நிற்கும்போது கண்ணில் படும் ஓரத்தில் அந்தக் குறி இருக்க வேண்டும். மூடியின் நடுவில் எழுதினால், ஒவ்வொன்றையும் வெளியே இழுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இனி வைக்கும் முறை. மூடிகளைப் படுக்க வைத்து அடுக்கக் கூடாது, புத்தகங்களைப் போல நிறுத்தி வைக்க வேண்டும். அடுக்கில் அடியிலுள்ள மூடியை எடுக்க மேலுள்ள அனைத்தையும் தூக்க வேண்டும். தூக்கியவற்றை அதே வரிசையில் திரும்ப வைக்கும் பொறுமை அவசர வேளையில் யாருக்கும் இருப்பதில்லை. நிறுத்தி வைத்தால் ஒன்றை எடுப்பது மற்றொன்றைக் கலைப்பதில்லை. இதற்குத் தட்டு வைக்கும் கம்பித் தாங்கியோ, அலுவலகத்தில் கோப்புகள் வைக்கும் தாங்கியோ போதும். ஆழமான இழுப்பறையானால், உள்ளே குறுக்காக இறுகி நிற்கும் நீளம் மாற்றத்தக்க கம்பிகள் இரண்டைப் பொருத்தி அறைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். எதையும் வாங்கும் முன், உங்களிடமுள்ள மிகப்பெரிய மூடியை நிறுத்தி அதன் உயரத்தை அளந்து, இழுப்பறையின் உட்புற உயரத்தோடு ஒப்பிடுங்கள்; இழுப்பறையின் வெளிப்பலகையை அளந்துவிட்டு உட்புறம் என்று நம்பி வாங்கிய தாங்கி ஒன்று என்னிடம் இன்னமும் வேலையில்லாமல் இருக்கிறது. அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் தாங்கி மாட்டுவதானால், கதவு மூடும்போது அது உள்தட்டில் இடிக்காத அளவுக்கு இடைவெளி வேண்டும். கண்ணாடி மூடிகளின் எடையைக் கதவு தாங்காது. அவை கீழ்த்தட்டில் இருக்கட்டும்.

டப்பாவையும் மூடியையும் பிரித்து வைப்பதா, டப்பாவை அதன் மூடியோடு சேர்த்தே வைப்பதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. பத்துக்கும் குறைவான டப்பாக்கள் உள்ள வீட்டில் மூடியோடு வைப்பதே எளிது. தேடும் வேலையே இல்லை. ஆனால் அப்போதும் கவ்விகளைப் பூட்டாமல், மூடியைச் சும்மா மேலே வைத்தால் போதும். பூட்டினால் உள்ளே தங்கிய ஈரம் வாடையாக மாறும். இடைவிடாமல் அழுந்திக் கிடக்கும் வளையமும் காலப்போக்கில் தன் மீள்தன்மையை இழக்கும். டப்பாக்கள் அதற்கு மேல் இருந்தால், ஒன்றுக்குள் ஒன்றாக டப்பாக்களைச் செருகி, அவற்றின் பக்கத்திலேயே மூடிகளை நிறுத்துவதே இடத்தைச் சேமிக்கும். ஒரு தட்டில் டப்பா, வேறொரு மூலையில் மூடி என்று பிரித்தால் பழைய நிலைதான் திரும்பும்.

கழுவும் இடத்திற்கு வருவோம். சிலிகோன் வளையத்தை, கரண்டிக் காம்பு போன்ற மழுங்கிய முனையால் அவ்வப்போது கழற்றி, வளையத்தையும் அது அமரும் பள்ளத்தையும் சோப்பு நீரில் மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டும். கரும்புள்ளியாகத் தோன்றும் பூஞ்சை அந்தப் பள்ளத்தில்தான் குடியேறுகிறது. கூர்மையான கத்தி வளையத்தைக் கிழித்துவிடும். தக்காளியின் செங்கறை படிந்த மூடியைக் கழுவி வெயிலில் சில மணி நேரம் வைத்தால் கறை பெரிதும் வெளுக்கும். உலர வைக்கும்போது கவ்விகளை விரித்து, மூடியை ஓரத்தில் நிறுத்துங்கள். கவிழ்த்து வைத்தால் பள்ளத்தில் நீர் தங்கும்.

மூடித் தாங்கியை, பாத்திரங்கள் உலரும் இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் அமைத்தால், உலர்ந்த மூடி வேறெங்கும் போக வழியிருக்காது. டப்பாவை அலமாரியில் வைப்பவரே அதன் மூடியையும் நிறுத்த வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்வது இன்னும் நல்லது. தாங்கியை முழுவதும் நிரப்பாமல் இரண்டு இடங்களையாவது காலியாக விடுங்கள். முற்றிலும் நிரம்பிய தாங்கியில் அடுத்து வரும் மூடி மற்றவற்றின் தலைமேல் படுக்க வைக்கப்படும், அதன் மேல் இன்னொன்று ஏறும். இடம் விட்டு நிறுத்திய வரிசையிலோ, எந்த எழுத்துக் குறியிட்ட மூடி இன்னும் வீடு திரும்பவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.