நோன்பு திறக்கக் கூப்பிட்டிருக்கிறார்களா? போவதற்கு முன் ஒருக்கா வாசியுங்கள்

கொழும்பில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு ரமழான் மாதத்தில் முஸ்லிம் நண்பர் ஒருவரிடமிருந்து வருடத்தில் ஒருமுறையாவது இந்த அழைப்பு வரும்: "மச்சான், வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க வீட்டுக்கு வா." சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, அப்புறம் என்ன கொண்டுபோவது, எப்போது சாப்பிடத் தொடங்குவது என்று ஆளையாள் கேட்டுக்கொண்டிருப்போம். தெமட்டகொடையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகப் போய்வருகிறேன். விடக்கூடிய பிழையெல்லாம் விட்டாயிற்று, ஆகவே தைரியமாக எழுதலாம்.

முதல் விஷயம் நேரம். பிறந்தநாள் விழா என்றால் ஏழு மணிக்குக் கூப்பிட்டு எட்டு மணிக்குப் போவது நம் ஊர் வழக்கம், அது இங்கே சரிவராது. சூரியன் மறைந்து, அந்தித் தொழுகையான மஃரிபுக்கு அழைக்கும் பாங்கு சொன்னதும் நோன்பு திறந்துவிடும், உங்களுக்காக யாரும் காத்திருக்க முடியாது. மார்ச் மாதத்தில் கொழும்பில் அது ஆறே கால் தாண்டி வரும், ஆகவே ஆறு மணிக்கு வீட்டுக்குள் இருங்கள். அந்த நேரத்தில் பேஸ்லைன் வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கையில் என்ன கொண்டுபோவது? பேரீச்சம்பழம் அல்லது பழங்கள், அவ்வளவுதான். முதல் வருடம் நான் கெட்டித்தனமாக ஒரு ரிச் கேக் வாங்கிப் போனேன். நண்பனின் வாப்பா பெட்டியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தார். பிராந்தி. ஒன்றும் சொல்லாமல் அதை ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு, "மழை வருமா மகன்?" என்று கதையை மாற்றினார். புடிங், மார்ஷ்மலோ மாதிரியானவற்றில் ஜெலட்டின் இருக்கும், அதுவும் எதிலிருந்து எடுத்தது என்று தெரியாவிட்டால் வேண்டாம். வட்டிலப்பம் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு: அவர்கள் வீட்டு வட்டிலப்பத்துக்கு முன்னால் உங்களுடையது நிற்காது.

"தண்ணி கூடவா குடிக்கக் கூடாது?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள், வருடா வருடம் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. ஆமாம், தண்ணீரும் இல்லை. விடியலுக்கு முந்திய சுபஹ் வேளையிலிருந்து சூரியன் மறையும் வரை, கொழும்பில் 13 மணித்தியாலத்துக்கு மேல். இன்னொன்று, ஒரு பெண் நோன்பு பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது. நோயாளிக்கும் பயணிக்கும் கர்ப்பிணிக்கும் சலுகை உண்டு, மாதவிடாய் நாட்களில் நோன்பே கிடையாது. உங்கள் கேள்விக்கு அவர் எல்லோர் முன்னாலும் என்ன பதில் சொல்வார்?

"பெருநாள் திங்களா செவ்வாயா?" என்றும் முன்கூட்டியே நெருக்க வேண்டாம். 29ஆம் நோன்பு மாலையில் பிறை பார்த்து, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடி அறிவித்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும். சந்திர வருடத்துக்கு 354 நாள்தான், அதனால் நோன்பு வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். அந்த வருடக் கணக்கு தொடங்குவது நபிகள் நாயகம் பிறந்த நாளிலிருந்து அல்ல, மக்காவில் இருக்க விடாமல் துரத்தப்பட்டு மதீனாவுக்குப் போன 622இலிருந்து. ரமழான் மாதத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், அதற்கு 12 வருடம் முன்பு, 610இல், மக்காவுக்கு வெளியே ஹிரா குகையில் குர்ஆனின் முதல் வசனங்கள் இறங்கியது இந்த மாதத்தில்தான். "ஓதுவீராக" என்பது முதல் சொல். நடுங்கிப் போய் வீட்டுக்கு வந்த நபிகளை முதலில் நம்பியவர் மனைவி கதீஜா. நோன்பு கடமையானது மதீனாவுக்குப் போன இரண்டாம் வருடத்தில்.

சரி, மேசைக்கு வருவோம். பேரீச்சம்பழம், தண்ணீர், ஆவி பறக்கும் கஞ்சி, சமோசா, ரோல்ஸ் எல்லாம் பரப்பியிருக்கும், ஒருவரும் தொடமாட்டார்கள். கடைசி இரண்டு நிமிடம் வீடே அமைதியாகிவிடும், உதடுகள் மட்டும் அசையும். தெருமுனைப் பள்ளிவாசல் மைக்கில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது பாங்கு இல்லை, மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள்! நான் அதைக் கேட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டேன். நண்பனின் உம்மா சிரித்துவிட்டு, "பரவாயில்ல மகன், உங்களுக்கு நோன்பில்லதானே" என்றார். அவர் பெருந்தன்மையாக விட்டார், நண்பனின் தங்கை இன்றுவரை விடவில்லை.

அந்தப் பாங்குக்கு ஒரு கதை உண்டு, அந்த வீட்டில்தான் கேட்டேன். மதீனாவில் ஆட்களைத் தொழுகைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தபோது யூதர்கள் போல் கொம்பு ஊதலாமா, கிறிஸ்தவர்கள் போல் மணி அடிக்கலாமா என்றெல்லாம் பேச்சு வந்ததாம். கடைசியில் மனிதக் குரலே போதும் என்று முடிவானது. அதற்குத் தெரிவானவர் பிலால், அபிசீனிய வம்சத்தவர், அடிமையாக இருந்தவர். புதிய மார்க்கத்தை விடமாட்டேன் என்றதற்காக எஜமான் அவரைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறாங்கல் வைத்தான், பிறகு நபிகளின் தோழர் அபூபக்கர் விலை கொடுத்து விடுவித்தார். ஊரையே கூப்பிடும் குரல் அவருடையதாக இருந்தது என்பது அந்தக் காலத்து மக்காக்காரர்களுக்கு எப்படி உறைத்திருக்கும்!

பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஆனதும் மஃரிப் தொழப் போவார்கள். நீங்கள் இருந்த இடத்திலேயே இருந்து கஞ்சி குடிக்கலாம், ஒருவரும் குறையாக நினைக்கமாட்டார்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே மட்டும் போகாதீர்கள். கொழும்பிலிருந்து கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்வு, அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பக்கத்தால் சுற்றிப் போவது என்று விளங்கும். கஞ்சியைக் கோப்பை கோப்பையாக நிரப்பவும் வேண்டாம். தேங்காய்ப்பாலும் இறைச்சியும் இஞ்சி பூண்டும் சேர்ந்த சாமான் அது, அதோடு வயிறு முடிந்துவிட்டால் பின்னால் வரும் சஹன் சாப்பாட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சஹனில் ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள், உங்கள் பக்கத்துச் சோற்றிலிருந்து மட்டும் எடுத்தால் போதும்.

சாப்பாட்டில் சரித்திரம் கிளம்பும். "இஸ்லாம் வாளால் பரவியதா, வியாபாரத்தால் பரவியதா" என்று யாராவது ஆரம்பித்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். நபிகள் 632இல் மறைந்தார்கள், அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்குள் சிரியா, எகிப்து, ஈராக் எல்லாம் படையெடுப்பில்தான் கைமாறின. ஆனால் அந்த ஊர்ச் சனம் பெரும்பான்மையாக முஸ்லிம்களாக மாற நூற்றாண்டுகள் எடுத்தன. நம் தீவுக்கு வந்ததோ கப்பலில், மிளகும் கறுவாவும் மாணிக்கமும் தேடி வந்தவர்களோடு. 9ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் பலாதுரி சொல்லும் ஒரு சம்பவம் எனக்குப் பிடித்தது. மாணிக்கத் தீவின், அதாவது நம் இலங்கையின், அரசன், அங்கேயே இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் மகள்மாரைக் கப்பலேற்றி ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் அனுப்ப, சிந்துக் கரையில் கொள்ளையர் அதைப் பிடித்தார்கள், சிந்து மீது படை போனதற்கு அதுவே காரணமாயிற்று என்கிறார். படையெடுத்த காரணம் அது ஒன்றுதானா என்று வாதிடலாம். ஆனால் அந்தப் படை போன 711க்கு முன்பே இங்கே குடும்பமாக வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்ற நினைவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா வந்தபோது கொழும்பை 'கலன்பூ' என்று எழுதி, தீவின் பெரிய, அழகான பட்டணங்களில் ஒன்று என்றும் சொல்லிவிட்டார். போர்த்துக்கேயர் கரையைத் தொட்டது அதற்கும் 160 வருடம் கழித்து.

ஏழரைக்கு மேல் இரவுத் தொழுகையான இஷா, அதோடு ரமழான் இரவுகளின் விசேட தொழுகையான தராவீஹ், ஆகவே கதை எவ்வளவு ருசித்தாலும் அந்த நேரத்துக்கு எழும்பிவிடுங்கள். வாசலில் கட்டாயம் ஒரு டப்பாவில் கஞ்சியும் சமோசாவும் கையில் திணிப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிப் பிரயோசனமில்லை. டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டு முறுக்கோ பயற்றம் பணியாரமோ போட்டு, இருட்டிய பிறகு கொண்டுபோங்கள்.