புதிய வாடிக்கையாளரைத் தேடும் முன் பழைய கணக்குகளைத் திறந்து பாருங்கள்

சந்தா முறையில் மென்பொருள் விற்பவர்கள் மாதம் ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் தரும் சந்தா 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் பெரிய திட்டத்துக்கு மாறியதில் 12 கூடியது. சிறிய திட்டத்துக்கு இறங்கியவர்களால் 3, விலகியவர்களால் 5 போனது. மிச்சம் 104. புதிதாக ஒருவர்கூட வராமலே 4 சதவீத வளர்ச்சி! புதியவர்களை இதில் சேர்க்கவே கூடாது, சேர்த்தால் ஓட்டை தெரியாமல் போகும்.

சரி, அந்த 12 எங்கிருந்து வரும்? யார், எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் பயன்பாட்டுப் பதிவில் தேடுங்கள். 10 பேருக்கான திட்டத்தில் 9 பேர் தினமும் உள்ளே வருகிறார்களா? அதே வாரம் பெரிய திட்டத்தைப் பற்றி அவர்களிடம் பேசுங்கள். வேலை மும்முரத்தில் "வரம்பு முடிந்தது" என்று திரையில் வந்து நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரே கடவுச்சொல்லை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால் கோபப்படாதீர்கள், அங்கே இன்னொரு பயனர் கணக்கு தேவைப்படுகிறது.

ஆனால் தீராத புகார் ஏதாவது நிலுவையில் இருந்தால் விற்பனைப் பேச்சே வேண்டாம். முதலில் அதை முடியுங்கள், அப்புறம் விலையைப் பற்றிப் பேசலாம்.

10 பேருக்குப் பணம் கட்டி 4 பேர் மட்டும் பயன்படுத்தும் நிறுவனம் இருந்தால், குறைத்துக்கொள்ளச் சொல்லி நீங்களே எழுதுங்கள். அந்த மாதம் வருமானம் கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் மொத்தமாக விலகுவதைவிட அது எவ்வளவோ மேல்.