சைக்கிள் லைட்டைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள்

விடியற்காலை நாலரை மணிக்கு ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) சைக்கிள் மிதிக்க ஆரம்பித்த புதிதில், கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற லைட்டை வாங்கி மாட்டியிருந்தேன். மூன்றாம் நாள், எதிரே நடந்து வந்த பெரியவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "தம்பி, லைட்டை இறக்குப்பா, கண்ணு கூசுது" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இது.

முதலில் வாங்குவது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இதை மாற்றிக் கட்டினால் நீங்கள் வருகிறீர்களா போகிறீர்களா என்றே லாரிக்காரருக்குத் தெரியாது. லைட் எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதை லூமென்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். தெருவிளக்கு உள்ள சாலைக்கு 200 லூமென்ஸ் தாராளம். கும்மிருட்டுச் சாலை என்றால் 400. அட்டைப்பெட்டியில் 1000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள்.

அடுத்தது கோணம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இருட்டிய பிறகு சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். தரையிலிருந்து லைட் எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதில் பாதி உயரத்தில் இன்னொன்று. ஒளியின் நடுப்பகுதி கீழ்க்கோட்டில் விழுமாறு லைட்டைச் சாயுங்கள். இப்போது வெளிச்சம் சாலையில் 10 மீட்டர் முன்னால் விழும். ஊருக்குள் மெதுவாகப் போக இது போதும். வேகமாகப் போகிறவர்கள் முக்கால் உயரத்தில் வைத்தால் 20 மீட்டர் கிடைக்கும். மேல்கோட்டை மட்டும் தொடவே விடாதீர்கள். அதற்கு மேலே ஏறினால் எதிரே வருபவரின் கண்தான்.

அப்புறம் வீட்டில் யாரையாவது எதிரே நடந்து வரச் சொல்லி, கண் கூசுகிறதா என்று கேளுங்கள். ரப்பர் ஸ்ட்ராப் லைட் என்றால் நாலு ஸ்பீட் பிரேக்கர் தாண்டியதும் தானாகத் திரும்பிக்கொள்ளும். ஹேண்டில்பாரில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி, அதன்மேல் கட்டினால் நகராது.

இருட்டில் பிளிங்க் மோட் வேண்டாம். விட்டு விட்டு எரிந்தால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று மற்றவர்களால் கணிக்க முடியாது. முன்னும் பின்னும் நிலையாகவே எரியட்டும்.

பின் லைட்டைச் சட்டை நுனியோ முதுகுப் பையோ மறைக்கிறதா என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள். மழைக்கோட்டு போட்ட அன்று கட்டாயம் பாருங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டரையும் கழற்றிவிடாதீர்கள், சார்ஜ் தீர்ந்த அன்று அது ஒன்றுதான் துணை. குறுகலான தெருவில் யாராவது நடந்து வந்தால், வேகத்தைக் குறைத்து, உள்ளங்கையால் லைட்டின் மேல்பக்கத்தை மறையுங்கள். அவர் கடந்ததும் கையை எடுத்துவிடலாம்.