சேர்த்த ஓவியங்களுக்குக் கூடம் கட்டுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் திருவான்மியூரில் ஒரு தம்பதி, முப்பது வருடமாகச் சேர்த்த ஓவியங்களுக்குக் கட்டும் கூடத்தைக் காட்டினார்கள். தை முகூர்த்தத்தில் திறப்பு, பத்திரிகைகூட அடித்தாயிற்று. வெளியே ஐப்பசி மழை, உள்ளே கொத்தனார் சுவர் பூசிக்கொண்டிருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் ஒருமுறை இப்படியொரு தவறுக்கு உடந்தையாக இருந்தவன்தான். வெயில் படக்கூடாது, ஆணி உறுதியாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஈரச் சுவரில் மாட்டுவது

படம் மாட்டும் வேலைக்கு நான் வந்த புதிது. ஈசிஆரில் ஒரு கூடம். அடைமழையில் பூசிய சுவருக்கு ஆறே வாரத்தில் பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. தொட்டுப் பார்ப்பதெல்லாம் ஒரு சோதனையா! மேல்தோல்தான் காய்ந்திருந்தது. உள்ளே கிடந்த ஈரம் மெல்லக் கசிந்து, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றே புகாத விரற்கடை இடத்தில் தங்கிவிட்டது.

பங்குனியில் கூப்பிட்டார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் தொடங்கிய புதிதில், அந்த வீட்டுப் பெரியவர் நேரில் போய் வாங்கிய மசிச் சித்திரங்கள். ஒன்றைக் கழற்றினேன். பின் அட்டை நமத்துப்போன அப்பளம்போல் வளைந்தது. தாளில் தேமல் மாதிரி பழுப்புப் புள்ளிகள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடும் அட்டையான மவுண்ட் வைக்காமல் சட்டமிட்டதால் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் மசியும் சேர்ந்து வரும். இப்படிப் பதினொன்று. வீட்டு ஹாலில் ஃபேன் காற்றில் நாற்பது வருடம் நன்றாக இருந்தவை, ‘பத்திரமான இடத்துக்கு’ வந்து மூன்றே மாதத்தில் கெட்டுப்போயின. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஒரு முழ பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் மாட்டாதீர்கள். காய்ந்த சுவராக இருந்தாலும் சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள். மழையில் பூசினால் ஒரு கோடை போகட்டும். ஆவணியிலும் முகூர்த்தம் உண்டு.

இரவில் ஏசியை நிறுத்துவது

பகலில் ஏசியில் உலர்ந்து சுருங்கும் தாள் இரவில் ஈரம் குடித்து விரியும். தினமும் இழுத்து விட அது ரப்பர் இல்லை. கரன்ட் பில் கட்டுப்படியாகாது என்றால் ஏசியே வேண்டாம்.

தரைத்தளத்தில் கிடங்கு

2015 டிசம்பர் சென்னை வெள்ளம்.

பதிவை மறப்பது

தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் நூறு வயதைத் தாண்டியிருந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். உங்கள் பெயரிலிருந்து உங்கள் அறக்கட்டளை பெயருக்குப் போவதும் கைமாறுவதுதான்.